தைலம் தேய்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் மூட்டுவலி 'வளரும் வயதில் சகஜம். எண்ணெய் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்' என்று சென்ற இதழின் மருத்துவப் பக்கம் சொல்கிறது. பேஷ்!

என் மகளுக்கும் எங்கள் வீட்டில் இதே வைத்தியம்தான் நடந்தது. முழங்கால் வீங்கி, கை வைத்தால் சுடும். மறுநாள் அது வடிந்து கணுக்கால் வீங்கும். "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறா" என்றார் நாத்தனார். மாமியார் தைலம் தேய்த்தார். வலி போயிற்று, தைலத்துக்கு நல்ல பெயர். மாடிப்படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கியபோதுதான் ஒரு டாக்டர், "முன்னாடி தொண்டைவலி வந்துச்சா?" என்று கேட்டார்.

தாங்கள் அறியாததல்ல. இது ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதில்தான் அதிகம். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்துபோன 2, 3 வாரத்தில் தொடங்கும். அந்தக் கிருமியின் புரதமும் நம் இதயத்துப் புரதமும் சாயலில் ஒத்துப்போவதால், கிருமியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே அடிக்கிறது. மூட்டு வீக்கம் எதையும் தேய்க்காமலே வடிந்துவிடும். இதய வால்வில் விழுந்த தழும்பு அப்படிப் போகாது. வெறும் வளர்ச்சி வலியென்றால் மூட்டு வீங்காது. இந்த ஒரு வரியை எழுதவா இடமில்லை?

அந்தக் கிருமி மறுபடி வராமலிருக்க, என் மகளுக்கு இன்றும் 21 நாளுக்கு ஒருமுறை பென்சாத்தின் பெனிசிலின் ஊசி. கெட்டியான வெள்ளை மருந்து. ஊசியிலேயே அடைத்துக்கொண்டால் நர்ஸ் வேறு ஊசி மாற்றி மறுபடி குத்துவார். அதுவும் மருந்து கிடைத்தால்தான். மெடிக்கல் மெடிக்கலாக ஏறி இறங்கினாலும் "ஸ்டாக் இல்லம்மா". இதைப் பற்றி நான் முன்பு எழுதிய கடிதத்துக்குத் தங்கள் இதழில் இடமில்லை. அது தீபாவளி நேரம், பலகாரத்துக்கே பக்கம் போதவில்லை. முறுக்குக் குறிப்பு பிரமாதம்.

முடக்குவாதம் என்கிற இன்னொரு மூட்டு நோய்க்கு ஈறு நோய்க் கிருமிகூடத் தூண்டுதலாக இருக்குமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். தங்கள் கேள்வி-பதில் பகுதியிலோ மூட்டுவலி என்றால் இன்னமும் வாயுதான், உருளைக்கிழங்குதான்.

அந்தக் கட்டுரைக்கு நேர் கீழே மூட்டுவலித் தைல விளம்பரம். தற்செயல்தான் என்று நம்புகிறேன்.

தொண்டைவலிக்குப் பின் பிள்ளைக்கு மூட்டு வீங்கினால் டாக்டரிடம் காட்டி, இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள் என்று அடுத்த இதழில் அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். தைல விளம்பரத்தை ராசிபலன் பக்கத்துக்கு மாற்றினால் இன்னும் புண்ணியம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
விருதுநகர்.