தூங்கும்போதும் லென்ஸா?

ஆசிரியருக்கு,

இரவு பகல் கழற்றாமல் ஒரு மாதம் வரை அணியக்கூடிய கான்டாக்ட் லென்ஸ் பற்றி உங்கள் மருத்துவ இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வசதியை விரிவாகச் சொன்னவர், ஆபத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். சிலிக்கான் ஹைட்ரோஜெல் லென்ஸ் வந்தபின் கருவிழிக்கு ஆக்சிஜன் போதிய அளவு கிடைக்கிறது, சரி. தொற்று குறைந்ததா? 1989-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின்படி, பகலில் மட்டும் மென் லென்ஸ் அணிவோரில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் சுமார் 4 பேருக்குத் தொற்றால் வரும் கருவிழிப் புண் இருந்தது. இரவிலும் அணியும் வகையைப் பயன்படுத்தியோரில் சுமார் 21 பேருக்கு. 2008-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், சிலிக்கான் ஹைட்ரோஜெல் லென்ஸோடு தூங்கியவர்களில் இது சுமார் 25. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் புண் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கக்கூடும்.

கண் மருத்துவமனை ஒன்றில் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து லென்ஸோடே தூங்கியவர்கள், வெளிச்சம் பார்க்க முடியாமல் கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வருவார்கள். அதற்குள் மருந்துக்கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றியிருப்பார்கள். அதில் ஸ்டீராய்டு (சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும், ஆனால் தொற்றை முற்றவிடக்கூடிய மருந்து) இருந்துவிட்டால் எங்கள் பாடு இன்னும் கஷ்டம். லென்ஸ் விற்கும் கடைகள் தமிழில் ஒரு சீட்டு தரலாம்: சிவப்பு, வலி, மங்கல் எது வந்தாலும் உடனே கழற்றுங்கள், அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள், லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள்.

- வாசகர், ஈரோடு