மாப்ளே, கிணற்றுத் தண்ணீரை இப்போதே எடுத்து வை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. கேள்வி அப்படி. விருதுநகர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வருகிறது, ஊரே சந்தோஷமாக இருக்கிறது, எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது, நீ திருப்பூர்க்காரன், நீயே சொல் என்று எழுதியிருந்தாய். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடியதா இது?

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி சுகம். மகள் கோவையில் எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருஷம். நான் போன வருஷத்தோடு டையிங் வேலையை விட்டுவிட்டேன். தோட்டத்துக்கு வாரம் இரண்டு நாள் போய் வருகிறேன். தோட்டம் என்று சொல்லப் பழகிவிட்டோம், அதனால் சொல்கிறேன். அங்கே இப்போது வேலிக்காத்தானும் கொஞ்சம் சோளத்தட்டும்தான்.

அந்தக் கிணறு உனக்கு ஞாபகம் இருக்கும். 1988 பொங்கலுக்கு நீ வந்தபோது மேட்டிலிருந்து குதித்து அடி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டினாய். 'எங்க ஊர்ல குடிக்கவே தண்ணி இல்ல, நீங்க இதுல குதிச்சு விளையாடுறீங்க' என்று சொன்னாய். அதே கிணற்றுத் தண்ணீர் அடுத்த ஏழெட்டு வருஷத்தில் கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. முதலில் கண்டுபிடித்தது மாடு. தொட்டியில் வாயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்புறம் அம்மா. எவ்வளவு விறகு வைத்தாலும் பருப்பு வேகவில்லை. அப்புறம் மஞ்சள் இலை நுனி கருகியது.

ஒரு நாள் அப்பா இரும்புச் சட்டியில் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்து வற்ற விட்டார். அடியில் வெள்ளையாகப் படிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்து, 'இது நீ கொட்டுற உப்பாடா?' என்று கேட்டார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

உண்மையில் அது நான் கொட்டிய உப்புதான். அப்போது நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் லேபில் இருந்தேன். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுவது எப்படி என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். பருத்தியும் சாயமும் தண்ணீரில் தானாக ஒட்டாது. உப்பைப் போட்டால்தான் சாயம் தண்ணீரை விட்டுத் துணிக்குப் போகும். நேவி புளூ, கறுப்பு மாதிரி டார்க் ஷேடு என்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக்கிலோவுக்கு மேல் உப்பு. துணியைத் தொட்டியில் சுழற்றும் பழைய வின்ச் மெஷினில் தண்ணீரும் அதிகம், உப்பும் அதிகம். சாயமாவது பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு ஒரு துளிகூடத் துணியில் நிற்பதில்லை, போட்டது அத்தனையும் சாக்கடைக்கு வரும். அங்கிருந்து நொய்யல் ஆறு. நொய்யலிலிருந்து கிழக்கே எங்கள் ஊர்.

அந்தச் சம்பளத்தில்தான் தங்கச்சி கல்யாணம் நடந்தது. அப்பாவின் கண் ஆபரேஷனும் அதில்தான். இதை நான் மறைக்கவில்லை. திருப்பூர் என்ன செய்தது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் வெள்ளை டி-ஷர்ட் வாங்க இந்த ஊரைத் தேடி வந்தார். அங்கிருந்து ஆரம்பித்து இன்று வருஷ ஏற்றுமதி 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பனியன் கம்பெனியில் செக்கிங், கைமடி என்று உட்கார்ந்து சனிக்கிழமை சாயந்தரம் தங்கள் பெயரிலேயே சம்பளக் கவர் வாங்கினார்கள். உன் அக்கா மகன் இங்கே தையலுக்கு வந்துதானே கடனை அடைத்தான்? உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி இங்கே வந்து பத்துக்குப் பத்து ரூமில் நாலு பேராகப் படுக்காமல் ஊரிலேயே வேலை பார்க்கட்டும் என்று நீ நினைப்பது நியாயம்தான். அந்தப் பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. பணம் வந்தது ஆற்றின் மேல்பக்கம், உப்பு போனது கீழ்ப்பக்கம். சம்பாதித்தவன் ஒருத்தன், சுமந்தவன் வேறொருத்தன். என்னைப் போல ஒரே வீட்டில் இரண்டும் இருந்தது அபூர்வம். மற்றபடி திருப்பூரில் பங்களா கட்டியவருக்கு ஒரத்துப்பாளையம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

ஒரத்துப்பாளையம் அணையை நீ பார்த்ததில்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில், 1992-ல் பாசனத்துக்கு என்று நொய்யலின் குறுக்கே கட்டினார்கள். சில வருஷத்திலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. தண்ணீர் விடு என்று கேட்க வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகள், தயவுசெய்து திறக்காதீர்கள், தேக்கவும் செய்யாதீர்கள் என்று கேட்டார்கள். ஓர் அணைக்கு இதைவிடப் பெரிய கேடு வருமா? அதே கரையில்தான் கொடுமணல் இருக்கிறது. சங்க காலத்தில் கல்மணியும் இரும்பும் செய்து வெளியூருக்கு அனுப்பிய ஊர். அகழாய்வு நடந்தபோது போயிருந்தேன். குழிக்குள் சின்னச் சின்னக் கல்மணிகள், பாதி துளை போட்டபடி கிடந்தன. அந்தக் காலத்திலேயே இந்த ஆற்றங்கரை ஏற்றுமதி செய்திருக்கிறது. ஆறும் கெடாமல் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே நின்றபோது தொண்டை அடைத்தது மாப்ளே.

மகள் போன மாதம் ஒரு படம் போட்டுக் காட்டினாள். குன்று மாதிரி ஒரு வளைகோடு. நாடு ஏழையாக இருக்கும்போது மாசு குறைவு, வளர வளர மாசு ஏறும், ஒரு கட்டத்துக்கு மேல் வருமானம் கூடினால் மாசு தானே இறங்கும் என்பது கணக்கு. குஸ்நெட்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1955-ல் வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றிச் சொன்னதை, 1990-களில் குரோஸ்மன், க்ரூகர் என்ற இரண்டு பேர் காற்றுக்கும் தண்ணீருக்கும் பொருத்திப் பார்த்தார்களாம். 'திருப்பூரும் இப்படித்தானேப்பா, இப்போ ஆத்துல சாயம் விடுறதில்லையே' என்றாள்.

கோடு இறங்கியது நிஜம். ஆனால் அதை யார் இறக்கினார்கள் என்று அந்தப் படத்தில் இல்லை. எங்களுக்கு வருமானம் கூடியது, அதனால் மனசு மாறினோம் என்று நான் சொன்னால் அது பொய். ஏற்றுமதி ஏற ஏறக் கழிவும் ஏறித்தான் வந்தது. ஒரு கட்டத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள், நாளொன்றுக்கு 8 கோடி லிட்டருக்கு மேல் சாயத்தண்ணீர். நிறுத்த வைத்தது கீழ்ப்பக்கத்து விவசாயிகள். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு முன்பே பாலாற்றுக்காரர்கள் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று 1996-ல் தீர்ப்பு வாங்கியிருந்தார்கள். அது இவர்களுக்குக் கைகொடுத்தது. 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது, அதுவரை லிட்டருக்கு இத்தனை பைசா கட்டு என்று உத்தரவு. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நாங்கள் அவகாசம் கேட்டுக் கேட்டு இழுத்தோம். 2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்றம் அத்தனை பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது.

அந்த மாதங்களை மறக்க முடியாது. வேலை போய் நான் ஊருக்கு வந்துவிட்டேன். காலையில் திண்ணையில் அப்பாவும் நானும் உட்கார்ந்திருப்போம். அவருக்கு அது ஜெயித்த தீர்ப்பு, எனக்குச் சம்பளம் போன தீர்ப்பு. ஒரு நாள் அவரே பேச்செடுத்தார். 'தொழில் வேண்டாம்னு நாங்க கேக்கல. உங்க தண்ணிய நீங்களே வெச்சுக்குங்கன்னுதான் கேட்டோம்.' அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் நடந்தது அதுதான். சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. முடியவே முடியாது என்று பத்து வருஷம் சொன்ன வேலையைச் செய்து காட்டினோம். இதில் எனக்குப் பெருமை உண்டு. முதலில் நுண்ணுயிர் தொட்டி, பிறகு ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி, கடைசியில் மிச்சத்தைக் கொதிக்க வைக்கும் எவாப்பரேட்டர். அப்பா இரும்புச் சட்டியில் செய்த அதே வேலையை இரண்டு மாடி உயர இயந்திரம் செய்கிறது. தண்ணீரும் உப்பும் திரும்பப் பட்டறைக்கே வரும். கரண்டு, விறகு எல்லாம் சேர்த்துச் செலவு கொஞ்ச நஞ்சமில்லை. சின்னப் பட்டறைகள் பல எழுந்திருக்கவே இல்லை. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கிக் கிடக்கிறது. அதை என்ன செய்வதென்று இன்றுவரை நல்ல வழி கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூடிய சமயத்தில் ஆர்டர் நிற்கவில்லை. சாயம் ஏற்ற வேண்டிய துணி ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கம் லாரியில் போனது. கண்காணிப்பு இல்லாத பட்டறைகள் அங்கே முளைத்தன. நொய்யலில் குறைந்தது காவிரிக் கரையில் கூடியது. அன்று ஒருவர் திருப்பூரை மட்டும் அளந்திருந்தால், ஆகா, சுத்தமாகிவிட்டது என்றுதான் எழுதியிருப்பார். பெரிய அளவிலும் இதேதான். ஐரோப்பாவில் ஆறுகள் தெளிந்ததில், சாயம் போடுகிற வேலை எங்கள் பக்கம் வந்ததற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். சட்டையை அவர்கள் போட்டுக்கொண்டார்கள், உப்பு எங்கள் கிணற்றில் இறங்கியது. ஒரு ஊரின் கோடு இறங்கும்போது பக்கத்து ஊரின் கோடு என்ன ஆயிற்று என்று மகளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நஷ்டஈடு பற்றிக் கேட்டிருந்தாய். 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் என்று 2004-ல் கணக்குப் போட்டார்கள். வகுத்துப் பார், ஆளுக்கு ஒன்பதாயிரம்கூட வராது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல கறவை மாடு வாங்க முடியாது. ஆற்றில் கழிவை நிறுத்தினால் அடுத்த வெள்ளத்தில் ஆறு கழுவிக்கொள்ளும். கிணறும் மண்ணும் அப்படி இல்லை. பட்டறைகள் மூடி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எங்கள் கிணற்றில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்குக் குறையாமல் காட்டுகிறது. குடிநீருக்கு 500-க்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது கணக்கு. அப்பா 2016-ல் போனார், அந்தக் கிணற்றில் இன்னொரு தடவை மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ச்சாமலே.

சரி, உன் ஊருக்கு வருகிறேன். புதிதாக வருகிற பூங்காவில் கழிவை வெளியே விடாத ஏற்பாடு ஆரம்பத்திலேயே உண்டு என்கிறார்கள். நாங்கள் இருபது வருஷம் தாமதமாகச் செய்ததை நீங்கள் முதல் நாளே செய்யப் போகிறீர்கள் என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த எவாப்பரேட்டர் ஒரு நாள் ரிப்பேரானால் கழிவை எங்கே நிறுத்தி வைப்பார்கள் என்று கேள். கலப்பு உப்பு மூட்டை எங்கே போகும் என்று கேள். தண்ணீர் எங்கிருந்து வரும், அது யாருடைய தண்ணீர் என்று கேள். திருப்பூருக்குப் பவானியிலிருந்து குழாய் போடும் வரை சுற்று ஊர்க் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக உறிஞ்சினோம். உங்கள் வறண்ட பூமி அதைத் தாங்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாங்கள் செய்யத் தவறியது. வழக்கு நடந்தபோது, 'உங்கள் கிணறு முன்பு எப்படி இருந்தது, ஆதாரம் உண்டா' என்று கேட்டார்கள். அப்பாவிடம் என்ன இருந்தது? நீ குதித்து விளையாடிய ஞாபகம்தான் இருந்தது. அதனால் பூங்காவில் மெஷின் ஓட ஆரம்பிக்கும் முன்பே, அதைச் சுற்றியும் தாழ்வான பக்கமும் இருக்கிற கிணறு, போர், கண்மாய் எல்லாவற்றிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்து வை. குடிநீர் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் உண்டு, பணம் கட்டினால் முத்திரை வைத்து அறிக்கை தருவார்கள். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. சர்வே நம்பர், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, ஊராட்சியில் ஒரு நகல் கொடுத்துவிடு. வைப்பாற்றில் தண்ணீர் ஓடும்போது அதையும் ஒரு பாட்டில் பிடி.

என் பழைய டி.டி.எஸ். மீட்டரை நாளைக்குப் பார்சலில் போடுகிறேன். பேட்டரி மட்டும் புதுசு வாங்கிக்கொள். தை மாதம் உன் அக்கா மகன் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வருகிறோம். அதற்குள் பத்துக் கிணறாவது முடித்து வை, மீதியை நாம் இரண்டு பேரும் வண்டியில் சுற்றி எடுத்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்
திருப்பூர்