பெட்டியின் விலையும் வழிச்செலவும்

உடன்குடி,
ஐப்பசி மாதக் கடைசி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்தது. அம்மா அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பி, கோலைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. கருப்பட்டியை ஈரம் படாத அறைக்கு மாற்றுவதிலேயே நாலைந்து நாட்கள் கழிந்துவிட்டதால் பதில் எழுதத் தாமதமாயிற்று, பொறுத்துக்கொள்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை இணையச் சந்தையில் விற்கலாம் என்று நீ முடிவெடுத்ததும், கடையைத் திறக்கும்போதே 'இலவச டெலிவரி' என்ற கட்டத்தில் குறியிடச் சொல்லி அந்தத் தளம் திரும்பத் திரும்பக் கேட்பதும், குறியிடலாமா கூடாதா என்று நீ என்னைக் கேட்டிருப்பதும் ஒரே கடிதத்தில் வந்தன. பனையோலைப் பெட்டியையும் கருப்பட்டியையும் மூன்று ஆண்டுகளாக இப்படி விற்று வருகிறவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது.

முதலில் எடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முதலில் பணம் இழந்தது அங்கேதான். கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடைக்கு மட்டும் கட்டணம் வாங்குவதில்லை. அட்டைப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் உண்மையான எடையும் எதில் அதிகமோ அதற்கே கட்டணம். வண்டியில் பார்சல் அடைக்கும் இடத்துக்கும் விலை உண்டு என்பதால் இதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூடி போட்ட ஓலைப் பெட்டி ஒன்றின் எடை 450 கிராம். அது நசுங்காமல் போய்ச்சேர 30, 25, 20 சென்டிமீட்டர் அளவுள்ள அட்டைப் பெட்டி வேண்டும். பெருக்கி வகுத்துப் பார், மூன்று கிலோ வரும். நானோ, தொடக்கத்தில் தளத்தில் கடை விவரங்களை நிரப்பும் அமைப்புப் பக்கத்தில் பொருளின் எடை என்று கேட்ட இடத்தில் 450 கிராம் என்று உண்மையாக எழுதிவிட்டு, அளவு கேட்ட கட்டங்களைக் கட்டாயமில்லை என்று போட்டிருந்ததால் வெறுமையாக விட்டுவிட்டேன். வாடிக்கையாளரிடம் அரைக் கிலோவுக்கான கட்டணம் வசூலாயிற்று. பார்சல் கூரியர் கிடங்குக்குப் போனதும் அங்கே அளந்து பார்த்து, மீதி இரண்டரைக் கிலோவுக்கான தொகையை 'எடை வேறுபாடு' என்ற பெயரில் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். முதல் மாதத்தில் நாற்பது பெட்டிகள் விற்றன, நாற்பதிலும் நட்டம்.

ஆகவே நீ செய்ய வேண்டிய முதல் வேலை, விளக்கை அளக்காமல், விளக்கைக் கட்டி முடித்த பார்சலை அளப்பது. ஒவ்வொரு பார்சலையும் அளவு நாடாவை மூன்று பக்கமும் வைத்து ஒரு படமும், தராசில் வைத்து ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள். பிறகு யாராவது வேறு எடை சொன்னால், தளம் தரும் சில நாள் அவகாசத்துக்குள் அந்தப் படங்களைக் காட்டித்தான் முறையிட முடியும். படம் இல்லாதவர்கள் சொல்வதை யாரும் கேட்பதில்லை. உனக்கு இதில் ஒரு நல்ல வசதியும் இருக்கிறது. உங்கள் ஊர் விளக்கு அடிப்பாகம், தண்டு, தட்டு, பிரபை என்று தனித்தனியாகத் திருகிக் கழற்றக்கூடியது. நிற்கிற உயரத்திலேயே கட்டாமல் கழற்றிக் கட்டினால் அட்டைப் பெட்டி சிறியதாகிவிடும். அப்போது பித்தளையின் உண்மையான எடைக்குத்தான் பணம் கட்டுவாய், உள்ளே இருக்கும் காற்றுக்குக் கட்ட மாட்டாய்.

இனி இலவச டெலிவரிக்கு வருகிறேன். இது எங்கிருந்து வந்த வழக்கம் என்று கேட்டிருந்தாயே. அமேசான் அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு 99 டாலருக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு அனுப்பும் செலவு இல்லை என்று அறிவித்து, அதே ஆண்டிலேயே அந்த வரம்பை 49, 25 என்று இறக்கியது; 2005-இல் ஆண்டுச் சந்தா கட்டுகிறவர்களுக்கென்று பிரைம் திட்டத்தைத் தொடங்கியது. சொந்தக் கிடங்குகளும் ஓயாமல் ஓடும் பார்சல்களும் வைத்திருக்கிற நிறுவனம் அந்தச் செலவைத் தாங்கி, வாடிக்கையாளரைப் பழக்கியது. பழகிய மனம் எல்லாக் கடைகளிலும் அதையே எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் புத்தகம் வாங்கும்போது அதைத்தான் பார்க்கிறேன்.

நம் தாத்தாக்கள் காலத்து வி.பி.பி. (வேல்யூ பேயபிள் போஸ்ட்) உனக்கு நினைவிருக்கும். 1877-இல் தொடங்கிய முறை அது. புத்தகமோ லேகியமோ வரவழைத்தவர், தபால்காரர் வாசலில் வந்து நின்றதும் பொருளின் விலையையும் தபால் செலவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பார்சலை வாங்கிக்கொள்வார். விளம்பரத்தில் 'விலை இவ்வளவு, தபால் செலவு தனி' என்று அச்சிட்டிருக்கும். இந்த இரண்டு சொற்களை, 'செலவு தனி' என்பதை, நான் இப்போது அடிக்கடி எண்ணிக்கொள்கிறேன். தூரத்தைக் கணக்கில் எடுக்காத கட்டணம் என்பதும் நமக்குப் புதியதன்று. 1854-இல் இந்தியா முழுவதற்கும் கடிதக் கட்டணத்தை ஒன்றாக்கி, குறைந்த எடையுள்ள கடிதம் எவ்வளவு தூரம் போனாலும் அரை அணா என்று வைத்தார்கள். ஆனால் அந்தச் சமநிலையை ஏற்படுத்தியது அரசாங்கம். பக்கத்து ஊருக்குப் போகும் எண்ணற்ற கடிதங்கள், தொலைவுக்குப் போகும் சில கடிதங்களின் செலவைத் தாங்கின. மாதம் நூறு பார்சல் அனுப்புகிற ஒரு பெண், திருச்செந்தூருக்கும் குவாஹாட்டிக்கும் ஒரே விலை வைக்க வேண்டும் என்றால், அவள் யாருடைய முதுகில் அதை இறக்கிவைப்பாள்?

யாருடைய முதுகில் என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர், எங்களுக்குப் பெட்டி முடைந்து தரும் ஒரு பெரியம்மா. நான் இலவச டெலிவரிக்குக் குறியிட்டிருந்த காலம் அது. குறியிட்ட கடைகளைத் தேடல் பட்டியலில் மேலே காட்டுவார்கள் என்று தளத்தில் சொன்னார்கள். உண்மையில் ஆர்டர்களும் கூடின. அனுப்பும் செலவையும் விலைக்குள் சேர்த்து, கடையில் 280 ரூபாய்க்குக் கொடுக்கும் பெட்டிக்கு இணையத்தில் 520 ரூபாய் வைத்திருந்தேன். பெரியம்மாவின் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். அவள் கைப்பேசியில் அந்த விலையைப் பார்த்துவிட்டுப் பாட்டியிடம் காட்டியிருக்கிறாள். மறுநாள் பெட்டிகளைக் கொண்டுவந்தவர் திண்ணையில் உட்காரவில்லை. "என்னம்மா, எனக்கு நூத்தி முப்பது தாற, நீ ஐநூத்தி இருபதுக்கு விக்கியே" என்று நின்றபடியே கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரலில் இருந்தது வருத்தம்.

அவரை உட்காரவைத்து, பேத்தியையும் வரச்சொல்லி, ஒரு தாளில் வரிவரியாக எழுதிக் காட்டினேன். முடைகூலி 130. ஓலையும் சாயமும் 35. அட்டைப் பெட்டி, ஒட்டும் நாடா, உள்ளே திணிக்கும் தாள் எல்லாம் சேர்த்து 28. கூரியருக்குச் சராசரியாக 190. தமிழ்நாட்டுக்குள் 110-இல் முடியும், டில்லிக்கு 210, அஸ்ஸாம் பக்கம் என்றால் 290. தளத்துக்குத் தரகு நூற்றுக்குப் பதினைந்து, அதாவது 78. திரும்பி வரும் பார்சல்களின் நட்டத்துக்காக ஒவ்வொரு பெட்டியிலும் ஒதுக்கிவைப்பது 25. கூட்டினால் 486, எனக்கு மிஞ்சுவது 34 ரூபாய். பேத்தி கூட்டிப் பார்த்துச் சரி என்றாள். பெரியம்மா தாளை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெட்டிய செஞ்சவளவிட அதச் சுமந்துட்டுப் போறவனுக்குக் கூடக் கெடைக்குதே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அந்தத் தாளில் ஒரு வரியை மட்டும் நீ கவனித்துப் பார்க்க வேண்டும். தரகு 520 ரூபாய்க்குக் கணக்கிடப்படுகிறது. அதில் 190 ரூபாய் கூரியருக்கு அப்படியே போய்விடும் பணம். என் கைக்கு வராத அந்தப் பணத்துக்கும் நான் நூற்றுக்குப் பதினைந்து கொடுக்கிறேன், ஏறக்குறைய 28 ரூபாய். செலவை விலைக்குள் ஒளித்துவைத்தால் ஒளித்துவைத்ததற்கும் தரகு உண்டு. சில தளங்கள் அனுப்பும் கட்டணத்தைத் தனியாகக் காட்டினாலும் அதன்மேல் தரகு எடுக்கும். நீ சேரப்போகும் தளத்தின் விதியைச் சேரும் முன்பே படித்துவிடு.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. திருச்செந்தூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இணையத்தில் இரண்டு பெட்டிகள் வாங்கியிருந்தார். பிறகு ஒரு நாள் நேரிலேயே கடைக்கு வந்து, சுவரில் எழுதியிருந்த 280 என்ற விலையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். இலவசம் என்று எழுதியிருந்ததை நம்பி, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் அஸ்ஸாமுக்குப் போகும் பார்சலின் செலவில் பங்கு கட்டியிருக்கிறார். அவருக்கு அதிகப்படித் தொகையைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று இரவு இலவச டெலிவரியின் குறியை எடுத்துவிட்டேன்.

எடுத்த பிறகும் அமைப்புப் பக்கத்தோடு மல்லுக்கட்டுவது ஓயவில்லை. 'முதல் பொருளுக்கு இவ்வளவு, கூடுதலான ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. ஓலைப் பெட்டி ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். நம் பாட்டிகள் ஏழு பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துப் பரணில் ஏற்றியதை நீயும் பார்த்திருப்பாய். பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று வாங்கினால் அதே அட்டைப் பெட்டி போதும், கூடுதல் செலவே இல்லை. மூன்றும் பெரியதாக வாங்கினால் மூன்று அட்டைப் பெட்டிகள் வேண்டும். கருப்பட்டி என்றால் ஒவ்வொரு கிலோவும் எடையில் ஏறும். அந்தக் கட்டத்துக்கு எண்ணிக்கை மட்டுமே தெரியும், உருவம் தெரியாது. சுழியம் என்று போட்டால் எனக்கு நட்டம். முழுத் தொகை போட்டால், அடங்கக்கூடிய பெட்டிகளை வாங்குகிறவரிடம் அநியாயமாக வாங்குகிறேன். பல நாள் யோசித்து, மூன்றையும் சேர்த்து 'மூன்றடுக்குப் பெட்டி' என்று ஒரே பொருளாகப் பட்டியலில் போட்டேன். இன்று என் கடையில் அதிகம் விற்பது அதுதான். கருப்பட்டிக்குத் தனியாக எடை வாரியான கட்டணம் வைத்துவிட்டேன்.

குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் இலவசம் என்று நடுவழியாக ஒன்று சொல்வார்கள். உன் விளக்குக்கு அது பொருந்தலாம்; 3,500 ரூபாய் விளக்கில் 200 ரூபாய் கூரியரைத் தாங்க இடம் இருக்கிறது, 280 ரூபாய்ப் பெட்டியில் இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. வரம்பைத் தொடுவதற்காக நான்கு பொருள் வாங்கி, வந்ததும் மூன்றைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. மீதியிருக்கும் ஒன்றுக்கு நாம் கொடுத்த இலவசம் அப்படியே நிற்கும்; திரும்பி வருவதற்கும் நாமே கட்ட வேண்டும். கேஷ் ஆன் டெலிவரியை மழைக்காலத்தில் கருப்பட்டிக்கு நான் மூடிவிடுகிறேன். போன ஐப்பசியில் வாசலில் மறுக்கப்பட்டு இருபது நாள் சுற்றித் திரும்பி வந்த ஐந்து கிலோ கருப்பட்டி, அட்டையோடு அட்டையாகக் கசிந்து ஒட்டிப்போயிருந்தது. காய்ச்சிக் கொடுத்தவர்களின் முகத்தை நினைத்துக்கொண்டு அதைக் குழியில் கொட்டினேன்.

வெளிநாட்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். முதல் ஆண்டில் வேண்டாம் என்பேன். 800 டாலர்வரையான பார்சல்களுக்கு இருந்த சுங்கவரி விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. அதையொட்டி ஆகஸ்ட் 25 முதல் அங்கே பார்சல் பதிவதை நிறுத்திவைத்த நம் அஞ்சல் துறை, அக்டோபர் 15-இல்தான் மறுபடி தொடங்கியது. இப்படி ஒரு நாட்டின் கதவு திடீரென்று மூடும்போது, அமைப்புப் பக்கத்தில் அந்த நாட்டின் குறியை அன்றே எடுக்காவிட்டால், அனுப்ப முடியாத ஆர்டர்கள் வந்து குவிந்துவிடும்.

இப்போது என் பக்கத்தில் பெட்டியின் விலை 290 என்றும், அனுப்பும் செலவு பின்கோடுக்கு ஏற்றபடி தனி என்றும் இருக்கிறது. ஆர்டர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டன; தேடல் பட்டியலில் என் கடை கீழே இறங்கிவிட்டது. அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது, ஏனென்றால் ஆர்டர் குறைந்தால் பெரியம்மாவுக்கும் வேலை குறையும். ஆனாலும் விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் கட்டும் தரகு குறைந்திருப்பதால், என் மிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஆவணி முதல் முடைகூலியை 150 ஆக உயர்த்த முடிந்தது. விலையைப் பேத்தி கைப்பேசியில் பார்த்துச் சொல்லலாம். மறைக்க ஒன்றும் இல்லை.

நீ இப்போது செய்ய வேண்டியது இதுதான்: ஒரு அடி, ஒன்றரை அடி, இரண்டு அடி விளக்குகளைக் கழற்றிக் கட்டி, அட்டைப் பெட்டியோடு எடையும் மூன்று அளவுகளும் எழுதி அனுப்பு. எந்த ஊருக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். அதன்பிறகு குறியிடுவதைப் பற்றி முடிவு செய்யலாம். அதுவரை அந்தக் கட்டத்தைத் தொடாதே. தம்பி தை மாதம் கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறான். அம்மாவுக்குச் சுக்குக் கருப்பட்டியும் உனக்கு ஒரு மூன்றடுக்குப் பெட்டியும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் தோழி