ரீட் ஷெப்பர்டின் விலை: ஹூஸ்டன் ராக்கெட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஹூஸ்டன் ராக்கெட்ஸ் பொது மேலாளர் ரஃபேல் ஸ்டோன் அவர்களுக்கும், தலைமைப் பயிற்சியாளர் இமே உடோகா அவர்களுக்கும்,

வணக்கம்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் எந்த நட்சத்திரத்தின் பெயர் டிரேடு (அணிகள் ஆட்டக்காரர்களைக் கைமாற்றிக்கொள்வது) பேச்சில் அடிபட்டாலும், ஹூஸ்டன் தரப்பில் கொடுக்கவேண்டியவர்கள் பட்டியலில் உங்கள் இளம் கார்டு (வெளிவட்டத்தில் பந்தை நடத்தும் ஆட்டக்காரர்) ரீட் ஷெப்பர்டின் பெயரை முதல் வேலையாக எழுதிவிடுகிறார்கள். சம்பளம் பொருந்துகிறது, வயது குறைவு, 2024 டிராஃப்டில் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) மூன்றாவதாக எடுக்கப்பட்டவர், எதிரணிக்கும் பிடிக்கும், கொடுத்துவிடலாம் என்கிறார்கள். அவரை எந்த விலைக்கும் விற்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அவரால் உங்கள் அணிக்குக் கிடைக்கும் பயன், சந்தையில் அவருக்குக் கிடைக்கும் விலையைவிட அதிகம். அந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் செய்யும் டிரேடு ஹூஸ்டனுக்கு நஷ்டம்.

முதலில் அவருடைய ஷூட்டிங். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆடிய ஒரே பருவத்தில் 144 மூன்று புள்ளி முயற்சிகளில் 75 உள்ளே விழுந்தன, 52.1 சதவீதம். என்பிஏவில் முதல் பருவம் 52 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 12.6 நிமிடம், 33.8 சதவீதம். "கல்லூரி எண்ணிக்கை பொய், இதுதான் நிஜம்" என்று பலரும் தீர்ப்பு எழுதியது அப்போதுதான். அந்தப் பருவத்தில் அவர் எறிந்தவை ஏறக்குறைய 140தான். 140 முயற்சிகளை மட்டும் வைத்துப் பார்த்தால், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே சதவீதம் மேலும் கீழும் எட்டுப் புள்ளி வரை ஆடக்கூடும். அதாவது 42 சதவீதக்காரர் ஒருவர்கூட அந்த எண்ணில் வந்து நிற்கலாம். அதிலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, நான்கு நிமிடம் ஆடி, ஒரு தவறு செய்தால் மறுபடி உட்காரவேண்டிய நிலையில் எறிந்தவை அவை. 2025 மார்ச்சில் ஓக்லஹோமா சிட்டிக்கு எதிராக முதன்முறை தொடக்க ஐவரில் இறங்கியபோது 25 புள்ளி எடுத்தார். ஓர் ஆட்டம் எதையும் நிரூபிக்காது. ஆனாலும் நிமிடம் கொடுக்காமல் விலை நிர்ணயிக்க முடியாது என்பதை அந்த ஆட்டம் காட்டியது. அதே டிராஃப்டில் அவருக்கு அடுத்ததாக எடுக்கப்பட்ட ஸ்டெஃபான் காசில் சான் அன்டோனியோவில் ஆட்டத்துக்கு 26 நிமிடத்துக்கு மேல் ஆடி, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதையும் வாங்கினார். இருவரின் சந்தை மதிப்பும் எட்ட எட்டப் போனதற்கு அந்த நிமிடக் கணக்கும் ஒரு காரணம்.

உங்கள் அணியில் அவர் ஷூட்டிங் எங்கே பயன்படுகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. உங்கள் சென்டர் (கூடையருகே ஆடும் உயரமானவர்) ஆல்பெரென் ஷெங்கூன் ஃப்ரீ த்ரோ கோட்டின் ஓரத்தில் பந்தோடு நிற்கிறார். ஷெப்பர்ட் மூலையிலிருந்து ஓடி வந்து அவர் கையிலிருந்து பந்தை வாங்குகிறார். வாங்கும் நொடியில் அவரைக் காக்கும் ஆள் ஷெங்கூனின் தோளில் மோதி அரை அடி பின்தங்கியிருக்கிறார். இப்போது எதிரணி சென்டருக்கு இரண்டே வழி. பின்னால் நின்றால் ஷெப்பர்ட் அங்கேயே எழுந்து எறிவார். மேலேறி வந்தால் ஷெங்கூன் கூடையை நோக்கித் திரும்புவார். அவருக்குத் தரையோடு ஒரு பவுன்ஸ் பாஸ் போதும், அங்கிருந்து நம் நான்கு பேருக்கு எதிரே அவர்கள் மூன்று பேர்தான். இது வேலை செய்ய, பந்தை வாங்குபவரின் எறிதலை எதிரணி நிஜமாகவே பயப்படவேண்டும். அமென் தாம்சன் வாங்கினால், அவரைக் காக்கும் காவலர் ஸ்க்ரீனுக்கு (சக ஆட்டக்காரர் நின்று வழிமறிக்கும் தடைக்கு) அடியில் நுழைந்து எளிதாக வந்து நின்றுவிடுவார். 2025 பிளேஆஃபில் கோல்டன் ஸ்டேட்டிடம் ஏழு ஆட்டங்களில் தோற்றபோது உங்கள் அரைக்கள ஆட்டம் முட்டி நின்றதற்கு இதுவே பெரிய காரணம். கெவின் டுராண்ட் வந்தது ஒரு பாதித் தீர்வுதான். அவர் பந்தைப் பிடித்த இடத்தில் ஆடுகிறவர். ஓடி வந்து வாங்கி எறியும் கார்டின் தேவை அப்படியே இருக்கிறது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. காலணி இல்லாமல் 187 செ.மீ., கை விரிப்பு 191 செ.மீ. அளவில்தான். 42 அங்குலம் எம்புகிறார் என்றாலும், கூடைக்கு அருகே உடம்பைக் கொடுத்து முடிப்பதில் இன்னும் தயக்கம் தெரிகிறது. ஃப்ரீ த்ரோ வாங்குவதும் குறைவு. ஸ்க்ரீனைச் சுற்றி வரும்போது இரண்டு பேர் பாய்ந்து அடைத்தால், அந்த உயரத்தில் அவருக்கு எதிர்ப்பக்கம் தெரிவதில்லை. பாஸ் தாமதமாகிறது, உயரமாக மிதக்கிறது, பறிபோகிறது. இதற்கு மருந்து உண்டு. ஸ்க்ரீனை இன்னும் இரண்டு மீட்டர் வெளியே, நடுக்கோட்டுப் பக்கமாக வைக்கவேண்டும். இரண்டாவது காவலர் நெஞ்சை அவர் பக்கம் திருப்புவதற்கு முன்பே பந்து கையை விட்டிருக்க வேண்டும். அது முடியாவிட்டால் நின்று தேடக்கூடாது, பந்தை இருமுறை தட்டிப் பின்வாங்கி இடைவெளியை நீட்டவேண்டும். முழுக்களமும் நெருக்கும் அணிகளுக்கு எதிராகப் பந்தைத் தாம்சன் கொண்டுவரட்டும், ஷெப்பர்ட் அந்தப் பக்கம் ஓடி இடம்பிடிக்கட்டும்.

தடுப்பில்தான் நிஜமான விவாதம். எதிரணி அவர் காக்கும் ஆளையே ஸ்க்ரீன் வைக்க அழைத்து, தன் சிறந்த ஆட்டக்காரரை அவர் மேல் ஏவும். வழக்கமாக ஸ்விட்ச் (காக்கும் ஆளை மாற்றிக்கொள்வது) செய்துவிட்டு அவரை அங்கே தனியாக விட்டால் பெரும்பாலும் அடி விழும். ஆள் மாற்றாமல், ஒரு நொடி முன்னே பாய்ந்து பந்தைத் தடுத்துவிட்டுத் தன் ஆளிடமே திரும்பி ஓடுவது ஒரு வழி. அவருக்கு அந்தக் கால் வேகம் இருக்கிறது. மாறியே ஆகவேண்டும் என்றால், பந்து உள்ளே போகும் முன் பின்னாலிருந்து ஜபாரி ஸ்மித் வந்து அவரை மூலைக்குத் தள்ளிவிட்டு ஆளை எடுத்துக்கொள்ளவேண்டும். பந்திலிருந்து விலகி, ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் உதவிக்கு நிற்கும்போது ஷெப்பர்டின் கை தனி ரகம். கென்டக்கியில் ஆட்டத்துக்கு 2.5 ஸ்டீல் (பந்துப் பறிப்பு) எடுத்தது பெரும்பாலும் அந்த மாதிரி இடங்களில்தான். கெடுவது எப்போது என்றால், எடுத்த ருசியில் தன் ஆள் மூலையில் நிற்பதை மறந்து இன்னொரு அடி உள்ளே வரும்போது.

இங்கே ஓக்லஹோமா சிட்டியின் கார்டாக இருந்த ஜாஷ் கிடியை நினைத்துப் பார்க்கலாம். 2024 பிளேஆஃபில் டல்லாஸ் அவரை எறியட்டும் என்று திறந்தே விட்டது. தொடர் முடிவதற்குள் அவர் தொடக்க ஐவரில் இல்லை. அந்த ஜூனில் ஓக்லஹோமா அவரைக் கொடுத்து அலெக்ஸ் கருசோவை வாங்கியது, அடுத்த ஆண்டு கோப்பையும் வென்றது. சரியான டிரேடு. ஏனென்றால் எறிய முடியாத கார்டை மறைக்க இடமில்லை, மற்ற நான்கு பேரின் வழியையும் அடைத்துவிடுகிறார். குட்டையான கார்டின் தடுப்பை மறைக்கலாம், பக்கத்தில் நீளக்கைகள் இருந்தால். தாம்சன், ஸ்மித், டுராண்ட் மூவருமே உயரத்தில் இரண்டு மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ. ஷெப்பர்டின் குறை மிகக் குறைவாக வலிக்கும் அணிகளில் உங்களுடையது முதல் வரிசையில் நிற்கிறது. அவரை வாங்கும் அணிக்கு இந்த வசதி இருக்காது, அதனால்தான் அவர்கள் சொல்லும் விலையும் குறையும்.

இளம் கார்டை அவசரத்தில் விற்பதன் விலையை உங்கள் மன்றத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 அக்டோபரில் பெஞ்சிலிருந்து ஆடிய 23 வயது ஜேம்ஸ் ஹார்டனை ஓக்லஹோமாவிடமிருந்து வாங்கியது நீங்கள்தான், அவர் பெரிய நட்சத்திரமானது உங்களிடம்தான். ஷெப்பர்ட் ஹார்டன் ஆகிவிடுவார் என்று நான் சொல்லமாட்டேன். சேக்ரமெண்டோ 2022 பிப்ரவரியில் இளம் கார்டு டைரீஸ் ஹாலிபர்டனை இந்தியானாவுக்குக் கொடுத்து சபோனிஸை வாங்கியது. 16 பருவம் தவறவிட்ட பிளேஆஃபுக்குப் போனது, ஆகவே வெறும் முட்டாள்தனம் என்றும் சொல்லமுடியாது. ஆனால் 2025 இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம் வரை இந்தியானாவைக் கொண்டுபோனது ஹாலிபர்டன்.

சம்பளக் கணக்கு: 2025-26இல் ஷெப்பர்டுக்குச் சுமார் 1.06 கோடி டாலர், 2026-27இல் 1.11 கோடி, 2027-28இல் 1.4 கோடி. உங்கள் மூத்த கார்டு ஃப்ரெட் வான்வ்லீட்டின் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு 5 கோடி, முழங்கால் தசைநார் கிழிந்து 2025-26 பருவத்தையே இழந்தார். ஷெங்கூனுக்கு ஐந்தாண்டில் 18.5 கோடி, ஸ்மித்துக்கு 12.2 கோடி, டுராண்டுக்கு இரண்டாண்டில் 9 கோடி. தாம்சனின் பெரிய ஒப்பந்தம் இனிதான். முதல் ஏப்ரன் கோட்டை (தாண்டினால் டிரேடு விதி இறுகும் மொத்தச் சம்பள வரம்பை) ஒட்டி நடக்கும் அணிக்கு இந்த விலையில் இன்னொரு ஷூட்டர் கார்டு வெளியே கிடைக்கமாட்டார். 2025-26 விதிப்படி, ஏப்ரனுக்குக் கீழே இருந்தால் அவர் சம்பளத்துக்கு எதிராக ஏறக்குறைய 1.9 கோடி வரை வாங்கலாம்; தாண்டிவிட்டால் கொடுத்ததற்கு மேல் ஒரு டாலரும் வாங்க முடியாது. 5 கோடி நட்சத்திரத்தைக் கொண்டுவர அவரோடு பெரும்பாலும் இன்னும் இருவரையாவது சேர்க்கவேண்டிவரும். அங்கேதான் ஆபத்து: கணக்கை நிரப்பும் மூன்றாவது பெயராக ஷெப்பர்ட் உள்ளே போய்விடுவார்.

எனவே என் கோரிக்கை இது. அவர் பெயரைச் சம்பளப் பொருத்தத்துக்காக எழுதாதீர்கள். எழுதினால் அந்த டிரேடின் முதல் பொருளாக எழுதி, அதற்குத் தனி விலை கேளுங்கள். வருகிறவர் 27 வயதுக்குள், குறைந்தது இரண்டு முழுப் பருவம் ஒப்பந்தம் மீதியுள்ளவராக இருக்கட்டும். இல்லையென்றால் பாதுகாப்பு நிபந்தனை இல்லாத (எந்த இடத்தில் விழுந்தாலும் கைமாறும்) இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள், அதில் ஒன்றாவது டுராண்டின் ஒப்பந்தம் முடிந்த பிந்தைய ஆண்டில். 35 வயதைத் தாண்டிய எவருக்கும் அவரைச் சேர்க்கவேண்டாம். அந்தப் பந்தயத்தை டுராண்டை வாங்கும்போதே ஒருமுறை கட்டியாயிற்று.

காலக்கெடுவும் இருக்கிறது. 2027 கோடையில் அவர் ஒப்பந்த நீட்டிப்புக்குத் தகுதி பெறுவார். கையெழுத்தான பிறகு, புதிய சம்பளம் தொடங்கும்வரை, டிரேடில் உங்கள் பக்கம் பழைய சம்பளமும் வாங்குபவர் பக்கம் பல ஆண்டுச் சராசரியும் கணக்காகும். பொருத்துவது ஏறக்குறைய முடியாத காரியம். அதற்குள் அவருக்கு ஆட்டத்துக்கு 25 நிமிடத்துக்குக் குறையாமல், அதில் பாதியாவது ஷெங்கூனோடு சேர்த்து, ஒரு முழுப் பருவம் கொடுங்கள். விற்பதா, நீட்டிப்பதா என்பதை அந்தப் பருவத்தின் ஆட்டப் பதிவுகளை மேசையில் வைத்து முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
தமிழில் என்பிஏ பார்க்கும் ஒரு ராக்கெட்ஸ் ரசிகர்