ஏற்றத்தில் கைவிட்ட கியர்பாக்ஸ்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று கவிதா சொன்னாள். பெரியவளுக்குக் கோவையில் இடம் கிடைத்தது, அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, நீ இன்னொரு லாரி எடுத்தது எல்லாம் அவள் வாயால்தான் எனக்குத் தெரிகிறது. லாரி எடுத்ததைக்கூடச் சொல்லாதவனை என்ன செய்வது? அந்தச் சண்டையை ஊருக்கு வரும்போது வைத்துக்கொள்கிறேன். இப்போது உன் மூளை அவசரமாக வேண்டும்.

வண்டி படுத்துவிட்டது. கியர்பாக்ஸ் போய்விட்டது. அதுவும் தங்கும் வசதியுள்ள ட்ரெய்லரை மாட்டி இழுத்துக்கொண்டு போகும்போது, பாலைவன ஏற்றத்தில், அத்தையும் பிள்ளைகளும் உள்ளே இருக்க.

யூட்டாவில் இருக்கும் ஜயன் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். இர்வைனிலிருந்து 15ஆம் எண் நெடுஞ்சாலை. நடுவில் பேக்கர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர் கம்பம் நட்டிருக்கிறார்கள். பக்கத்து டெத் வேலியில் 1913இல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக, டிகிரிக்கு ஓர் அடி. நம் கணக்கில் 56.7 டிகிரி. நாங்கள் போன அன்று 43தான். அத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கரூர் இதுக்குத் தேவலை" என்றார்.

அந்த ஊரைத் தாண்டியதும் ஆரம்பிக்கிறது ஏற்றம். பேக்கர் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம். ஹாலரன் உச்சி ஏறக்குறைய 1,240. இந்த 30 கிலோமீட்டரில் கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூடக் கிடையாது. கொல்லிமலையில் வளைவுக்கு வளைவு கியரை மாற்றி மூச்சு வாங்கிக்கொள்ளலாமே, அதெல்லாம் இங்கே இல்லை. நேராக, விடாமல் ஏறிக்கொண்டே இருக்கும். ஏசியை அணைத்துவிடுங்கள், இன்ஜின் சூடாகிவிடும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அணைத்தேன். கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தால் மணிக்கு 55 மைல்தான் வேகம். அதற்கும் கீழேதான் போனேன். எடையைப் பற்றி நீ ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: லாரி எடைமேடையில் ஏற்றிப் பார்த்துத்தான் கிளம்பினோம். ட்ரெய்லர் 1,800 கிலோ. வண்டி 2,270 வரை இழுக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. கொக்கியில் இறங்கும் பாரமும் ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இருந்தது.

பாதி ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறியது, வேகம் இறங்கியது. மிதிக்க மிதிக்க ரேஸ் ஆகிறதே தவிர சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. அப்புறம்தான் மஞ்சள் விளக்கு எரிந்தது. இருந்த ஓட்டத்திலேயே ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதலில் பெரியவனை வலது பக்கமாக இறக்கி, ட்ரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை வைக்கச் சொன்னேன். உன் அப்பா நம்மை கிளீனராக வைத்து வேலை வாங்கியது வீண் போகவில்லை. முன்னால் போகும் டி-யில் போட்டால் ஒன்றுமில்லை, பின்னால் வரும் ஆர்-இல் போட்டாலும் ஒன்றுமில்லை. அதற்கு மேல் நோண்டவில்லை. எல்லாரையும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், சாலையை விட்டு நன்றாகத் தள்ளி உட்கார வைத்தேன். பெரிய லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் ட்ரெய்லர் ஆடியதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

வீட்டையே பின்னால் கட்டிக்கொண்டு போனதில் ஒரு லாபம். குடைக்கும் நாற்காலிக்கும் குறைவில்லை, குளிர்ப்பெட்டியில் ஒரு பெரிய டப்பா மோர். அந்த வெயிலில் காப்பாற்றியது அந்த மோர்தான். வண்டியை ஏற்றிப் போக வந்த டோ டிரைவருக்கும் அத்தை ஒரு டம்ளர் நீட்டினார். கருவேப்பிலையைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்துவிட்டு, குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டான்.

டோ கதை தனி. நான் வருஷா வருஷம் பணம் கட்டும் சாலை உதவித் திட்டம் வண்டிக்கு மட்டும்தானாம். ட்ரெய்லரை நடுக்காட்டில் விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். "அதற்கு வேறு திட்டம் இருக்கிறது சார், இப்போதே சேருகிறீர்களா?" என்றாள் போனில் அந்தப் பெண். வண்டி நாலு சக்கரமும் இழுக்கிற ரகம் என்பதால் முழு வண்டியையும் முதுகில் சுமக்கும் ஃப்ளாட்பெட்டில்தான் ஏற்ற வேண்டும். ட்ரெய்லருக்குக் கைக்காசில் இன்னொரு டிரக். இரண்டும் திரும்பி பார்ஸ்டோவுக்கு, 100 கிலோமீட்டருக்கு மேல். தொகையைக் கேட்காதே.

பட்டறையில் ஆயில் தட்டைக் கழற்றிக் காட்டினார்கள். சிவப்பாக இருக்க வேண்டியது டிகாக்‌ஷன் நிறத்தில் கருகி நாறியது, அடியில் மினுமினுவென்று இரும்புத் தூள். உனக்கு நான் கியர்பாக்ஸ் பாடம் எடுக்க வேண்டி வந்தது கலிகாலம்தான், ஆனால் ஆட்டோமேட்டிக் உன் லாரிப் பெட்டி மாதிரி இல்லை, கேள். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர். எதிரெதிரே இரண்டு மின்விசிறி வைத்து, ஒன்றைப் போட்டால் அதன் காற்றில் மற்றதும் சுற்றுமே, அதுபோல. காற்றுக்குப் பதில் ஆயில். சமதளத்தில் உள்ளே ஒரு கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும், சூடு குறைவு. பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது அந்தப் பூட்டு அடிக்கடி திறந்துகொள்ளும். ஆயில் கடைபடும், கொதிக்கும். அதே ஆயில்தான் கியர் பிடிக்கும் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும். சூடாகி நீர்த்தால் அழுத்தம் குறையும், தட்டு வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு. இந்தச் சுழலில் மாட்டிய பிறகு தட்டு கருகச் சில நிமிஷம் போதும். சாதாரணமாக 80, 90 டிகிரியில் ஓட வேண்டிய ஆயில். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது இங்கே பட்டறைக் கணக்கு. இந்தச் சூட்டைக் காட்ட வண்டியில் முள் கிடையாது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்ஜின் முள் கடைசிவரை சாதுவாக நடுவிலேயே நின்றது.

இதில் ஆயில் விஷயம் வேறு. வண்டியை விற்றவர்கள் "இது ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத ஆயில்" என்றார்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கேட்டேன், அதே பதில். கையேட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், பாரம் இழுப்பவர்கள் மட்டும் மாற்ற வேண்டும் என்று இருக்கிறதாம். இழுப்பதற்கென்றே கொக்கி வைத்து விற்ற வண்டி, மாப்ளே!

சரி, இதெல்லாம் பணத்தோடு போகிறது. ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. அந்தச் சாலையில் ஹாலரன் தாண்டினால் இன்னும் ஏறி மவுண்டன் பாஸ், 1,440 மீட்டர். அங்கிருந்து எதிர்ப்பக்கம் சரசரவென்று இறக்கம். கியர்பாக்ஸ் இன்னும் அரைமணி நேரம் தாக்குப்பிடித்து அந்த இறக்கத்தில் கைவிட்டிருந்தால்? கியர் பிடிக்காத வண்டிக்கு இன்ஜின் பிரேக் கிடையாது. பின்னால் 1,800 கிலோ தள்ளுகிறது. ட்ரெய்லருக்குத் தனி மின்பிரேக் உண்டு, ஆனாலும் அந்த வெயிலில் எவ்வளவு தூரம் மிதித்துக்கொண்டே இறங்க முடியும்? தொப்பூர் மலை இறக்கத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடினால் முருகேசன் அண்ணன் லாரிதான் வருகிறது. வனஜாவிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் கவிதாவிடம் உளறிவிடாதே, மறுநாளே இங்கே வந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வா. மறுசீரமைத்த பெட்டி மாட்ட 6,500 டாலர் கேட்கிறார்கள், மூன்று வருஷ உத்தரவாதம். வண்டியின் விலையே 14,000 தேறினால் அதிகம். வனஜா ட்ரெய்லரை விற்றுவிடச் சொல்கிறாள். எனக்குப் பெட்டியை மாற்றி, கூடுதல் ஆயில் கூலரும் சூடு காட்டும் கருவியும் போட்டு, வண்டியைப் பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று ஓட்டிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இழுக்க வேறு பெரிய வண்டி, அல்லது ட்ரெய்லரே வேண்டாம். எப்படியானாலும் இந்த வண்டியால் இனி மலை இறங்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர்கள் கொடுத்த மதிப்பீட்டில் பழைய ஆயில் கூலரையும் குழாய்களையும் கழுவி மறுபடி மாட்டுவதாகப் போட்டிருக்கிறார்கள். அதற்குள் தங்கிய இரும்புத் தூள் புதுப் பெட்டிக்குள் போகாதா? மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்கிறேன், கழுவினால் போதும் என்கிறான் பட்டறைக்காரன். உன் ஷெட் மணியண்ணனிடமும் ஒரு வார்த்தை கேள். வெள்ளிக்கிழமை நான் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குள் எழுது, இல்லையென்றால் போனாவது பண்ணு. கவிதா மூலம் சொல்லி அனுப்பாதே.

உன்
குமார்