பச்சையாக்க இன்னொருவர் வேண்டும்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. "முகம்கூடப் பார்க்காதவர்களை எப்படி நண்பர்கள் என்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு தாமதம். எனக்கு முட்டி வலி இப்போது தேவலை. சின்னவள் வேலை மாறிவிட்டாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விக்கிமூலம் என்கிற இலவச இணைய நூலகத்தில் பழைய புத்தகங்களுக்கு நான் மெய்ப்புப் பார்ப்பது உனக்குத் தெரியும். ஸ்கேன் செய்த பக்கம் ஒருபுறம், மென்பொருள் அதைப் படித்துத் தந்த எழுத்து மறுபுறம். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் 'லை', 'ணை' எல்லாம் கன்னாபின்னாவென்று வந்திருக்கும். 'ர'வைத் துணைக்கால் என்று எடுத்துக்கொண்டு 'மரம்' என்பது 'மாம்' ஆகியிருக்கும். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று காட்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம் உண்டு. திருத்தி முடித்தால், சிவப்பாக இருந்த பக்கத்தை மஞ்சளாக்கலாம். பச்சையாக வேண்டுமானால் வேறு ஒருவர் வந்து மறுபடி முழுக்கப் படிக்க வேண்டும். நான் மஞ்சளாக்கியதை நானே பச்சையாக்க அங்கே வழி கிடையாது.

முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். இரவில் நான் முடித்து வைக்கிற பக்கங்கள் காலையில் பச்சையாகியிருக்கும். எப்போதும் அதே பயனர் பெயர். எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசாமலே போயிற்று. பிறகு ஒரு நாள் குறிப்பு வந்தது: "அக்கா, 43ஆம் பக்கத்தில் ஒரு 'மாம்' இருந்தது. மரமாக்கிவிட்டேன்." அந்த வாரமே அவள் விட்ட பிழை ஒன்றை நான் பிடித்தேன். பேச்சு அப்படித் தொடங்கியதுதான்.

போன வருடம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கணினிப் பக்கமே போகவில்லை. பத்தாம் நாள் போனில் அவள் குறிப்பு: "பத்து நாளாக உங்கள் பக்கம் எதுவும் வரவில்லை. நலமா அக்கா?" வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்தபோது அழுதுவிட்டேன். வந்தவர்கள் எல்லாரும் அம்மாவை விசாரித்தார்கள். என்னை விசாரித்தது அவள் ஒருத்திதான். இதற்கு நட்பு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை, மாலதி.

இப்போது ஞாயிறு மாலை 7 மணிக்கு ஆறு பேர் இணைய அழைப்பில் கூடுகிறோம். பாதி நேரம் மெய்ப்பு, பாதி நேரம் அரட்டை. ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண நட்புக்குச் சுமார் 50 மணி நேரமும் நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்கிறார். வாரம் 2 மணி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 மணியாக 2 வருடம் ஆகும். எங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் ஆயிற்று.

நடுவில் ஒரு சண்டையும் வந்தது. ஒருவர் எழுதிய "பரவாயில்லை, விடுங்கள்" என்பதை இன்னொருவர் குத்தலாக எடுத்துக்கொண்டு ஒரு மாதம் வரவே இல்லை. எழுத்தில் குரல் கேட்காதே! கடைசியில் நான் இருவரையும் போனில் பேச வைத்தேன். அதன் பிறகு, மனத்தாங்கல் என்றால் எழுதுவதில்லை, உடனே கூப்பிட்டுவிடுகிறோம்.

நீ சேர்ந்திருக்கும் 250 பேர் குழுவில் தனியாக இருப்பது போலத் தோன்றுகிறது என்றாயே, அது உன் குறை இல்லை. காலை வணக்கப் படம் அனுப்புகிற இடத்தில் யார் வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? கையில் ஒரு வேலை இருக்கிற சின்னக் குழுவாகப் பார். பணம் கேட்கிறவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை.

வேறு எங்கும் தேட வேண்டாம், எங்களோடு வந்துவிடேன். ஒரு பயனர் கணக்கு மட்டும் தொடங்கிக்கொள். 112ஆம் பக்கத்தை நேற்று மஞ்சளாக்கினேன். மாலதி வந்து பார்க்கட்டும், யாரும் தொட வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கலா