சந்தைக்குப் போவது ஊர் சுற்றுவதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், “வேளாண் மாநாடு, குதிரைக் கண்காட்சி என்று சொல்லிக்கொண்டு ஊர் சுற்றி வருபவர்கள்” என்று ஒரு வரி வந்திருந்தது. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை அது. உங்கள் பத்திரிகைக்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தைக்குச் சிங்கப்பூரிலிருந்து சொந்தக் காசில் கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்து, அங்கிருந்து பவானி வழியாக பஸ்ஸில் போகிறேன். திப்பு சுல்தான் தன் படைக்குக் குதிரை வாங்கிய சந்தை என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். மழை பெய்துவிட்டால் கணுக்கால் வரை சாணிச் சேறு. முதல் ஆண்டு ஒரு வியாபாரியிடம் விலை கேட்டேன். அவர் குதிரையின் உதட்டைத் தூக்கிக் காட்டி, “பல்லைப் பார்த்து வயதைச் சொல்லுங்கள் அம்மா, அப்புறம் விலையைப் பேசலாம்” என்றார். விழித்துக்கொண்டு நின்றேன். முன்பற்களில் இருக்கும் குழி வயது ஏற ஏறத் தேய்ந்து மறையும் என்பதை அவரேதான் பிறகு சொல்லிக் கொடுத்தார். குதிரை இனங்களில் கத்தியவார் எது, மார்வார் எது, நாட்டுக்குட்டை எது என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆடி ஆயிற்று. சுழி பார்ப்பது இன்னும் முழுதாகக் கைவரவில்லை. இதைச் சுற்றுலா என்று எழுத எப்படி மனம் வந்தது?

2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. நாம் உண்ணும் கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்த நேரம். அன்று இரவு பத்து மணிக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்குத்தான் தொலைபேசி வந்தது, “ஜொகூரில் யாராவது பண்ணைக்காரர் தெரியுமா?” என்று. தெரிந்திருந்தது. ஜொகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையத்தில் இரவு பஸ் ஏறி, செர்டாங்கில் நடக்கும் மாஹா வேளாண் கண்காட்சிக்குப் போய், தீவனக் கடைகளின் ஓரம் மணிக்கணக்கில் நின்று பேசியதால் தெரிந்திருந்தது. எண்ணைக் கொடுத்தேன். மறுநாள் செய்தியில் என் பெயர் இல்லை. அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

நமது உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2030-க்குள் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்ற இலக்கு 2019-இல் வந்தபோது முதல் பக்கத்தில் போட்டீர்கள். மின்கட்டணத்தில் கீரைப் பண்ணைகள் தடுமாறுகின்றன என்று மாநாட்டு அரங்குக்கு வெளியே பண்ணைக்காரர்கள் சொன்னதை நான் எழுதி அனுப்பியபோது, “வாசகர்களுக்கு ஆர்வம் இருக்காது” என்று திருப்பி அனுப்பினீர்கள். 2025 நவம்பரில் அந்த இலக்கே மாற்றப்பட்டது. அந்தக் கட்டுரை இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது.

கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024 அக்டோபர் 5. ஃபேரர் பார்க், புக்கிட் தீமா, கிராஞ்சி என்று இடம் மாறி மாறி 182 ஆண்டுகள் நடந்த குதிரைப் பந்தயத்தின் கடைசி நாள். எல்லோரும் வெற்றிக் கோப்பைப் பக்கம் கூடியிருந்தபோது நான் லாயத்துப் பக்கம் இருந்தேன். ஒரு பெரியவர் குதிரையின் கடிவாளத்தைக் கழற்றி, ஈரத்துணியால் அதன் வாயோரத்து நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. அவருடைய அப்பாவுக்கும் அதே வேலைதானாம், புக்கிட் தீமாவில். நம் தமிழர். தேக்காவில் ரேஸ் கோர்ஸ் சாலையில் நடக்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. அவரைப் பற்றி நான் எழுதிய எண்ணூறு சொல்லை இடமில்லை என்று நிறுத்திவிட்டு, வென்ற குதிரையின் படத்தை அரைப்பக்கத்துக்குப் போட்டீர்கள்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டவள் இப்போது எழுதக் காரணம், அந்த ஞாயிற்றுக் கட்டுரையோடு நீங்கள் வெளியிட்ட படம். அது நான் அந்தியூரில் எடுத்த படம். எங்களை ஊர் சுற்றிகள் என்று சொல்லும் கட்டுரைக்கு என் படத்தையே, என் பெயர் இல்லாமல் போட்டிருக்கிறீர்கள். கீழே “அரபுக் குதிரை” என்று வேறு அச்சிட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தக் காதுகளைப் பாருங்கள். நுனி உள்வாங்கி வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றன. அரபுக் குதிரைக்கு அப்படித் தொடாது. அது கத்தியவார். படத்தை அனுப்பியபோதே எழுதியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு, எந்த மூலையிலாவது, அந்தப் படக்குறிப்பை மட்டுமாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பகுதிநேர நிருபர்,
ஈசூன்